கடிதத்தில் இருந்த நோக்கம், வயலில் விழுந்த செலவு

1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனவும் ஒப்பமிட்ட உடன்படிக்கையை நாம் எல்லோரும் அறிவோம். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணையும், இயக்கங்கள் ஆயுதங்களை ஒப்படைக்கும், மாகாண சபை வரும், கிழக்கு மக்கள் 1988 முடிவதற்குள் ஒரு வாக்கெடுப்பில் தங்கள் விருப்பத்தைச் சொல்வார்கள் என்றது அது. அதே நாளில் இரு தலைவர்களும் கடிதங்களையும் பரிமாறிக்கொண்டார்கள். நம் அம்பாறைக் கரையில் அந்தக் கடிதங்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. தமிழரின் உரிமையோ முஸ்லிம்களின் பாதுகாப்போ அவற்றின் பேசுபொருள் அல்ல.

அவற்றில் இருந்தவை வேறு. இலங்கையில் பணிபுரியும் வெளிநாட்டு இராணுவ, உளவு ஆட்கள் தேவைதானா என்று விரைவில் பேசித் தீர்ப்பது. திருகோணமலை உட்பட எந்தத் துறைமுகத்தையும் இந்தியாவின் நலனுக்குக் கேடாக வேறொரு நாட்டின் இராணுவம் பயன்படுத்த விடாதிருப்பது. திருகோணமலை எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து நடத்துவது. வெளிநாட்டு வானொலி நிறுவனங்களின் நிலையங்கள் இராணுவ, உளவு வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. இஸ்ரேலிய ஆலோசகர்களும் பிரிட்டிஷ் கூலிப்படை நிறுவனமொன்றும் பாகிஸ்தானியப் பயிற்சியும் அப்போது கொழும்பின் போருக்குத் துணை நின்ற காலம். பனிப்போரும் முடிந்திருக்கவில்லை. டெல்லியின் கவலை கற்பனை என்று சொல்ல முடியாது.

ஆக, ஒரே நாளில் இரண்டு நோக்கங்கள் தாளில் ஏறின. மக்களுக்குச் சொன்னது ஒன்று, அரசுகள் தமக்குள் எழுதிக்கொண்டது மற்றொன்று. இரண்டுமே உண்மையான நோக்கங்கள்தாம். ஆனால் இந்த இரண்டில் எதற்காக ஒரு சிப்பாய் சாகலாம், எதற்காகச் சாகக் கூடாது என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. 1987 முதல் 1990 வரை நடந்தவற்றை அக்கரைப்பற்றிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது, எல்லாக் கேட்டுக்கும் அடியில் இந்தப் பிரிக்காமைதான் கிடக்கிறது என்று நான் நினைக்கிறேன். நோக்கத்தைத் தனக்கே தெளிவாகச் சொல்லிக்கொள்ளாத அரசு, அதற்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று கணக்கிட முடியாது. எப்போது நிறுத்துவது என்றும் அதற்குத் தெரியாது.

உடன்படிக்கையோடு அமைதி காக்க வந்த இந்தியப் படை போரில் ஒரு தரப்பாக மாறுவதற்குப் பத்தே வாரங்கள் போதுமாக இருந்தன. செப்டெம்பர் 26இல் நல்லூரில் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் உயிர்விட்டார். ஒக்டோபர் 3இல் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட புலிகள் கடலில் பிடிபட்டார்கள். அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோக இலங்கை அரசு பிடிவாதமாக நின்றது. 5ஆம் திகதி பலாலியில் அவர்கள் சயனைட் அருந்தினார்கள், பன்னிரண்டு பேர் இறந்தார்கள். தொடர்ந்து கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபர் 10இல் இந்தியப் படை யாழ்ப்பாணத்தின்மீது தாக்குதலைத் தொடங்கியது. 11ஆம் திகதி இரவு யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகொப்டரிலிருந்து இறங்கிய சீக்கிய காலாட்படையினர் முப்பது பேரில் ஒருவரே மிஞ்சினார். 21ஆம் திகதி யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்த படை நோயாளரையும் வைத்தியர்களையும் தாதியரையும் சுட்டுக் கொன்றது.

இந்தப் பத்து வாரங்களில் டெல்லியில் யாராவது அமர்ந்து கணக்குப் பார்த்தார்களா? பங்குபற்றியவர்களே எழுதிய நூல்கள் இருக்கின்றன. உயர்ஸ்தானிகராக இருந்த ஜே.என். தீட்சித் எழுதினார், படைத் தளபதி ஹர்கிரத் சிங் எழுதினார். பேச்சுக்கு வரும் புலிகளின் தலைவர் பிரபாகரனைப் பிடிக்கவோ சுடவோ தன்னிடம் சொல்லப்பட்டதாகவும், தான் மறுத்ததாகவும் சிங் தன் நூலில் சொல்கிறார். யார் எழுதியதைப் படித்தாலும் ஒன்று தெரிகிறது. புலிகளைச் சில வாரங்களில் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை மேலிடத்தில் இருந்தது. அடக்கிய பிறகு என்ன என்ற கேள்விக்கு விடை இருக்கவில்லை. நான்கு வருடங்களுக்கு முன்னர் பெய்ரூட்டில் இதே பாடம் நடந்து முடிந்திருந்தது. 1983 ஒக்டோபரில் ஒரு லொறிக் குண்டில் 241 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். அவர்களும் அமைதி காக்கவே போனவர்கள். அடுத்த வருடம் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் காஸ்பர் வைன்பர்கர், படை அனுப்புமுன் கேட்க வேண்டிய கேள்விகளைப் பகிரங்கமாக வரிசைப்படுத்தினார். இலக்கு தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்பது அவற்றுள் ஒன்று. அந்த உரை அச்சிலும் இருந்தது.

இந்தியாவுக்கு வேறு வழி இருந்ததா என்று நேர்மையாகக் கேட்க வேண்டும். 1987 மே மாத இறுதியில் வடமராட்சியில் இலங்கை இராணுவம் நடத்திய தாக்குதல் பொதுமக்களைப் பெருமளவில் இடம்பெயர்த்தது. தமிழகத்தில் ஏற்கெனவே இலட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் இருந்தார்கள். ஜூன் 4இல் விமானங்களிலிருந்து உணவுப் பொதி போட்டது, சட்டம் என்ன சொன்னாலும், ஒரு மனிதாபிமானச் செயலாக நின்றது. அன்று டெல்லி கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உணவு போட்டதும் ஒப்பந்தம் செய்ததும் ஒரு முடிவு. ஒக்டோபர் 10 வேறொரு முடிவு. இரண்டுக்கும் நடுவில் பலாலியில் பிடிபட்டவர்களைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் அதிகாரத்தை ஜயவர்த்தனவிடம் வற்புறுத்திப் பெற இந்தியாவால் முடிந்திருக்கும். அதைச் செய்யாமல் விட்டது, கடிதங்களில் கிடைத்ததை இழந்துவிடுவோமோ என்ற தயக்கத்தாலா என்பது என் சந்தேகம். நிறுவ முடியாத சந்தேகம்தான், ஆனால் காலவரிசை அதை நோக்கியே கை காட்டுகிறது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் போர்ச் செலவை வகைபிரிக்கிறது. ஆட்களின் அழிவு ஒன்று, பொருளும் தானியமும் குறைவது மற்றொன்று. போரிலும் சமாதானத்திலும் பலன் ஒன்றே என்றால் சமாதானத்தையே கொள்ள வேண்டும் என்று ஈரமில்லாத அந்த நூலே சொல்கிறது. அதன்படி இந்தியாவின் செலவைப் பார்ப்போம். படையின் பலம் உச்சத்தில் 70,000ஐத் தாண்டியது. ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இறந்தார்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பத்தரமுல்லையில் அவர்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. 1990 மார்ச் 24இல் கடைசிப் படை திருகோணமலையில் கப்பலேறியது. சென்னைக்குத் திரும்பியவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார்.

கிடைத்தது என்ன? வடக்கு கிழக்கு இணைப்பை 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது, 2007 ஜனவரி முதலாம் திகதி மாகாணங்கள் பிரிந்தன. வாக்கெடுப்பு கடைசிவரை நடக்கவில்லை. மாகாண சபைகளை உருவாக்கிய பதின்மூன்றாம் திருத்தம் மிஞ்சியது, அதுவும் காணி, பொலிஸ் அதிகாரங்கள் நடைமுறைக்கு வராமல். எண்ணெய்க் குதங்களின் கதைதான் எனக்கு மிகவும் பேசுகிறது. பிரிட்டிஷார் கட்டிய 99 குதங்கள் அங்கே. 2003இல் இந்தியாவின் லங்கா ஐ.ஓ.சி.யுடன் ஓர் ஒப்பந்தம் நடந்தது. 2022 ஜனவரியில் இன்னொன்று: 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 கூட்டு நிறுவனத்துக்கு. கடிதத்தில் கேட்டது முப்பத்து நான்கு வருடங்களுக்குப் பிறகு மேசையில் வைத்துக் கையெழுத்தானது. அதற்காக ஒருவரும் சாக வேண்டியிருக்கவில்லை.

கௌடில்யரின் கணக்கேடு அரசனுடையது. சண்டையிடும் இரு தரப்பிலும் சேராத குடிகள், படை வந்து போன பாதையோரத்தில் இருந்தவர்கள், அதில் ஒரு பத்தியைப் பெறவில்லை. டெல்லியும் கொழும்பும் புலிகளும் எழுதிய கணக்குகளிலும் அந்தப் பத்தி இல்லை. அந்தப் பத்தியில் வரவேண்டியது நம் கரை.

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் ஆய்வு செய்யத் தொடங்கியது 1969இல். அவரது பெருநூல் 2008இல் வந்தது. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை இருப்பதையும், கலியாணத்தில் வீடு பெண்ணுக்குப் போவதையும், கோயில் நிர்வாகத்திலும் பள்ளி நிர்வாகத்திலும் குடி பார்த்துப் பொறுப்புகள் பிரிவதையும் அவர் விரிவாக எழுதினார். எங்கள் மூத்தவர்களுக்கு இது ஆராய்ச்சி அல்ல, நடைமுறை. கரையோரத்தில் முஸ்லிம் ஊர். ஒட்டினாற்போல் ஆலையடிவேம்பு, கோளாவில், பனங்காடு, தெற்கே தம்பிலுவில், திருக்கோவில். மேற்கே வயல். காணிக்காரப் போடியார் ஒரு சாதி அல்லது சமயம், அவருக்கு வயல் செய்யும் முல்லைக்காரன் இன்னொன்று, மாட்டுப்பட்டிக்காரர் வேறொன்று என்று இருந்தாலும் ஒரு வட்டையின், அதாவது ஒரு வயல் தொகுதியின், தண்ணீர் எல்லோருக்கும் ஒரே வாய்க்காலில் வந்தது. பெரும்போகம் விதைத்த நாளிலிருந்து சூடடிக்கும் நாள்வரை ஒருவரையொருவர் நம்பாமல் இந்தத் தொழில் நடக்காது. வயலில் இரவு காவல் கிடப்பவன் பக்கத்து ஊரானை நம்ப வேண்டும்.

அது பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் மாவட்டத்தின் மேற்கை மாற்றி, நீரின் தலைப்பக்கத்தை வேறு கைக்குக் கொடுத்தது. 1985 ஏப்ரிலில் காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1986 பெப்ரவரியில் அக்கரைப்பற்றுக்குத் தென்மேற்கே உடும்பன்குளத்தில் சூடடித்துக்கொண்டிருந்த தமிழ் விவசாயிகள் கொல்லப்பட்டார்கள். ஆயினும் உறவைத் தைத்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். பள்ளித் தலைவரும் கோயில் வண்ணக்கரும் போய்ப் பேசினார்கள், வயல் மறுபடி விதைக்கப்பட்டது.

1987 உடன்படிக்கை இந்தக் கரைக்கு முதலில் கொண்டுவந்தது ஓர் எண்கணிதம். 1981 குடிசன மதிப்பீட்டில் கிழக்கு மாகாணத்தில் முஸ்லிம்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அம்பாறை மாவட்டத்தில் நூற்றுக்கு நாற்பத்தொன்றுக்கு மேல். இணைந்த மாகாணத்தில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. எங்களை யாரும் கேட்கவில்லை. எம்.எச்.எம். அஷ்ரபின் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் வேகமாக வளர்ந்ததற்கு இந்தக் கேட்காமை ஒரு முக்கிய காரணம். 1988 நவம்பர் மாகாண சபைத் தேர்தலில் 71 இடங்களில் ஈ.பி.ஆர்.எல்.எப். 41, முஸ்லிம் காங்கிரஸ் 17, ஈ.என்.டி.எல்.எப். 12, ஐக்கிய தேசியக் கட்சி 1. இந்தியாவின் பக்கம் நின்ற ஈ.பி.ஆர்.எல்.எப்.இன் வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார்.

படை போக வேண்டிய நாள் நெருங்கியபோதுதான் உண்மையான செலவு தொடங்கியது. 1989 ஜூன் முதலாம் திகதி ஜனாதிபதி பிரேமதாச, ஜூலை 29க்குள் இந்தியப் படை போக வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். பிரதமராக இருந்தபோதே உடன்படிக்கையை வெறுத்தவர் அவர். இந்தியப் படையை எதிர்க்கப் புலிகளுக்குத் தன் அரசின் கையிலிருந்தே ஆயுதம் கொடுத்தார். மறுபக்கம், தான் போன பிறகு மாகாண அரசைக் காப்பாற்ற இந்தியா தமிழ்த் தேசிய இராணுவம் என்றொன்றை உருவாக்கத் துணை நின்றது. அதற்கு ஆள் சேர்த்த விதத்தைத் தமிழ் ஊர்களில் இன்றும் மறக்கவில்லை. பாதையில் போன பையன்கள், பள்ளிக்கூடத்துக்குப் போன பையன்கள் பிடிபட்டார்கள். சில வாரப் பயிற்சியில் கையில் துவக்கு. செப்டெம்பர் 18இல் இரு நாடுகளும் செய்துகொண்ட இணக்கப்படி படை கட்டம் கட்டமாக விலகியபோது முதலில் விடப்பட்டது அம்பாறை மாவட்டம். 1989 நவம்பரில் இந்தக் கரையோரத்து முகாம்களைப் புலிகள் தாக்கினார்கள். பிடித்து நிறுத்தப்பட்ட அந்தப் பையன்கள் செத்தார்கள், சரணடைந்தார்கள், காட்டுக்குள் ஓடினார்கள். எந்த நாட்டுக் கணக்கிலும் அவர்கள் இல்லை. பத்தரமுல்லைத் தூணிலும் இல்லை, மாவீரர் பட்டியலிலும் இல்லை.

அடுத்த முடிவு புலிகளுடையது. 1990 ஜூனில் பிரேமதாசவுடனான பேச்சு முறிந்தது. மாகாண சபையைக் கலைத்துப் புதுத் தேர்தல் வைக்கவும், பிரிவினை கோருவதைத் தடைசெய்த ஆறாம் திருத்தத்தை நீக்கவும் அவர்கள் கேட்டார்கள், இரண்டும் நடக்கவில்லை. ஜூன் 11இல் கிழக்கெங்கும் பொலிஸ் நிலையங்களைச் சுற்றிவளைத்தார்கள். சரணடையும்படி மேலிடம் சொன்னதை நம்பி ஆயுதத்தை வைத்த சிங்கள, முஸ்லிம் பொலிஸார் அறுநூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். திருக்கோவிலுக்கு அருகே ரூபஸ்குளம் அந்தக் கொலைக்களங்களில் ஒன்று. இராணுவம் கல்முனையைத் திரும்பப் பிடித்தபோது தமிழர்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள், 11ஆம் திகதி நள்ளிரவில் ஏறாவூரில் உறங்கியவர்கள், இரண்டு ஊரிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் புலிகளால் கொல்லப்பட்டார்கள். 12ஆம் திகதி வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்களை ஊர்காவல் படையினரும் கும்பலும் கொன்றார்கள். ஊர்காவல் படைக்குத் துவக்கு கொடுத்தது அரசு. ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுப்பேரும் விரட்டப்பட்டார்கள்.

புலிகளின் அந்த முடிவை அவர்களது சொந்தக் கணக்கிலேயே எடைபோடலாம். நோக்கம், இணைந்த வடகிழக்குத் தாயகம். ஜூன் முதல் ஒக்டோபர் வரை நடந்தவற்றுக்குப் பிறகு கிழக்கு முஸ்லிம்களில் இணைப்பை மனதார ஆதரிக்கக்கூடியவர் எத்தனை பேர் மிஞ்சினார்கள்? ஐந்து மாதத்தில் தங்கள் நோக்கத்தின் அத்திவாரத்தைத் தாங்களே பிடுங்கினார்கள். அரசும் அதையே செய்தது. ஒரு நாட்டில் எல்லோரும் வாழலாம் என்பதற்காகப் போரிடுவதாகச் சொன்ன அரசு, ஒரு குடிமகனுக்கு எதிராக இன்னொரு குடிமகனிடம் ஆயுதத்தைக் கொடுத்தது.

பிணங்களை எண்ணி முடித்த பிறகும் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கஞ்சிகுடிச்சாறு காடு அப்போது புலிகளின் தளம். அந்தப் பக்கத்து வட்டைகளுக்கு முஸ்லிம் விவசாயி போக முடியாது, போனால் கப்பம், சில நேரம் ஆளே திரும்புவதில்லை. முஸ்லிம் ஊரைத் தாண்டிச் சந்தைக்கு வரத் தமிழ் விவசாயிக்குப் பயம். போகத்துக்குப் போகம் தரிசாகக் கிடந்த காணியில் காடு வளர்ந்தது. காணியை அரை விலைக்கு விற்றவர்கள் உண்டு. விற்காதவர்களின் பிள்ளைகள் சவூதிக்கும் கட்டாருக்கும் போனார்கள். போர் முடிந்து போனபோது சில இடங்களில் அந்தக் காடு வன இலாகாவின் எல்லைக்குள் வந்திருந்தது. வட்டமடுவில் நெற்காணி என்று முஸ்லிம் விவசாயிகளும், மேய்ச்சல் தரை என்று தமிழ் மாட்டுப்பட்டிக்காரரும், காடு என்று திணைக்களமும் நிற்பது அதன் தொடர்ச்சி. எல்லாரும் நியாயத்தோடு நிற்கிறார்கள் என்பதுதான் அதன் துயரம்.

2006ஐ நீட்டிச் சொல்லத் தேவையில்லை. ஜூலையில் மாவிலாற்று அணையைப் புலிகள் மூடினார்கள். தண்ணீருக்காகவே போர் என்று அரசு சொன்னது. தண்ணீர் ஓகஸ்டில் திறந்துவிடப்பட்டது, போர் 2009 மே வரை ஓடியது. சொல்லப்பட்ட நோக்கம் நிறைவேறிய நாளில் போர் நிற்கவில்லை என்றால் நோக்கம் அது அல்ல. இடையில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய் நோக்கி நடந்தார்கள். ஓகஸ்ட் 4இல் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர் 17 பேர் சுடப்பட்டார்கள்.

பொருளியலாளர்களான நிஷா அருணதிலக, சிசிர ஜயசூரிய, சமன் கெலகம ஆகியோர் 1984 முதல் 1996 வரையான போரின் செலவைக் கணக்கிட்டார்கள். 1996ஆம் ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒன்றரை மடங்குக்கும் மேல் என்று வந்தது. பாதுகாப்புச் செலவு, உடைந்த கட்டடங்கள், வராத உல்லாசப் பயணிகள், வராத முதலீடு எல்லாம் சேர்த்து. மதிப்புமிக்க வேலை. ஆனால் தேசியக் கணக்கில் அம்பாறைக் கரையின் தரிசு வயலைத் தனியாகப் பார்க்க முடியாது. ஒரு போடியாரும் ஒரு முல்லைக்காரனும் பேச்சை நிறுத்தியதற்கு அங்கே இடமும் இல்லை.

ஒரு தடவை மட்டும் இந்தக் கரையின் செலவு தாளில் ஏறியது. 2002 ஏப்ரல் 13இல் கிளிநொச்சியில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் செய்துகொண்ட இணக்கத்தில், வடக்கு முஸ்லிம்கள் திரும்புவதும் கப்பத்தை நிறுத்துவதும் கிழக்கு முஸ்லிம்கள் தங்கள் வயல்களுக்குப் போவதும் பேசப்பட்டன. அதற்கு முன்னர் பெப்ரவரியில் அரசும் புலிகளும் செய்த போர்நிறுத்த உடன்படிக்கையில் முஸ்லிம்கள் ஒரு தரப்பாக இருக்கவில்லை. இணக்கம் களத்தில் நிற்கவில்லை. 2003 ஜனவரி 29இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் திரண்ட மாணவர்கள் முஸ்லிம்களுக்குத் தனி அலகு கேட்டது அந்தக் கசப்பிலிருந்துதான்.

அந்தப் பல்கலைக்கழகம் செய்யக்கூடிய வேலை ஒன்று இன்னும் கிடக்கிறது. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஆலையடிவேம்பு, திருக்கோவில், சம்மாந்துறை, நிந்தவூர், பொத்துவில் கமநல சேவை நிலையங்களின் நெற்காணிப் பதிவேடுகளை 1985இலிருந்து எடுத்து, ஒவ்வொரு வட்டையிலும் எத்தனை ஏக்கர் எத்தனை போகம் விதைக்கப்படாமல் கிடந்தது என்று பார்க்கலாம். பள்ளிவாசல்களின் மரணப் பதிவுகளையும் கோயில்களின் பதிவுகளையும் பக்கத்தில் வைக்கலாம். தமிழ் மாணவர் ஒருவரும் முஸ்லிம் மாணவர் ஒருவரும் சேர்ந்தே ஒவ்வொரு ஊருக்கும் போக வேண்டும், தனித்தனியாகப் போனால் பாதிக் கணக்குத்தான் கிடைக்கும். எழுபது வயதைத் தாண்டிய வட்டை விதானைமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்தக் காணி யாருடையது, எந்த வருடம் யார் விட்டுப்போனார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும், வருகிற பெரும்போகத்துக்கு முன்.